என்னைப் பெயிலாக்கிய கராத்தே மாஸ்டர்

இப்போதெல்லாம் காலையில் தொலைபேசி அடித்தால் எடுக்கவே அலுப்பாக இருக்கிறது. யாரோ போய்விட்டார்கள் என்றுதான் செய்தி வரும். போன திங்கட்கிழமை மகன் கோல் எடுத்தான்.

"அம்மா, கதிரையிலை இருக்கிறியளோ, நிக்கிறியளோ?"

"நிக்கிறன், சொல்லு."

"தேவா மாஸ்டர் மோசம் போயிட்டார்."

எனக்கு அழுகை வரவில்லை. இந்த வருடம் எத்தனை பேருக்குத்தான் அழுவது? அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன்.

இந்த ஹம் நகரத்தில் இருக்கிற உங்களுக்கு அவரை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்கியவர். பகலில் இரும்புத் தொழிற்சாலை, பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம். தொடக்கத்தில் அடியும் இல்லை, உதையும் இல்லை. பிள்ளைகளை முழங்காலில் இருத்தி மூச்சு மட்டும்தான் பழக்கினார். மூக்கால் எடுத்து, தொப்புளுக்குக் கீழே, யப்பான்காரர் ஹரா என்று சொல்லும் இடம்வரை இறக்கி, வாயால் மெல்ல விடவேண்டும். தகப்பன்மார் சண்டைக்குப் போனார்கள். "மூச்சு விட என்ரை பிள்ளைக்குத் தெரியாதோ?" என்று கேட்டவரின் பெயர் எனக்கு நல்ல ஞாபகம். எழுதினால் அவருக்கு வெட்கம். மாஸ்டர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மூச்சு இழுக்கிற நேரம் பாத்துத்தான் மற்றவன் அடிப்பான், தம்பி. அது தெரியாமல் கையைக் காலை ஆட்டி என்ன பிரயோசனம்?"

இங்கத்தைக் கோயில் தேர்த் திருவிழா ஒன்றில் தேர் இடையில் நின்றுவிட்டது. ஆம்பிளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு வடத்தை இழுக்கிறார்கள், அசையவில்லை. மாஸ்டர் முன்னால் ஓடி வந்து, "மூச்சைப் பிடிக்காதேங்கோ! அரோகரா சொல்லி விடுங்கோ, விடுற நேரம் வடத்தை இழுங்கோ!" என்று கத்தினார். தேர் நகர்ந்தது. கராத்தேயில் அடிக்கும்போது சத்தம் போடுவதும் இப்படி மூச்சை விடத்தானாம். அன்றைக்குப் பெயர் எடுத்தது வேறு ஆட்கள். அதையும் நான் மறக்கவில்லை.

பிறகு என் கதை. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த எனக்கு நாலாம் மாடி ஏற ஏலாமல் போனது. லிப்ட் இல்லாத வீடு, நான் தனியத்தான் இருந்தேன். மகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதியோர் இல்லத்தில் என்னைச் சேர்க்க டெர்மின் எடுத்து நாளும் குறித்துவிட்டான். நான் மாஸ்டரிடம் போனேன். பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார். "இழுக்கிறதுக்கு அவசரப்படாதேங்கோ அக்கா. முழுக்க விடுங்கோ, மற்றது தானாய் வரும்" என்பார். சத்தம் போடச் சொன்னால் எனக்கு வராது. "மருமகளைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடுங்கோ அக்கா" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. சத்தம் வந்துவிட்டது.

இடையில் உட்கார்ந்து ஆறாமல் நாலு மாடியும் ஏறிக் காட்டினால் டெர்மினை நிறுத்துகிறேன் என்றான் மகன். மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றும் சொன்னான். இரண்டு பேரும் பின்னால் வர நான் ஏறினேன். மூன்றாம் மாடியில் இளைப்பு வந்தது. மகனுக்குக் கேட்கக்கூடாது என்று வாயை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஏறினேன். கதவடியில் நின்று சிரித்தேன்.

"சரி அம்மா" என்றான் மகன்.

"இல்லைத் தம்பி," என்றார் மாஸ்டர். "அக்கா கடைசி மாடி முழுக்க மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஏறினவா. தோளைப் பாருங்கோ, காதுக்குக் கிட்ட நிக்குது. இது பெயில்."

"நீர் ஒரு மனிசனோ?" என்று கேட்டேன்.

"பொய் மூச்சுக்கு நான் பாஸ் போடமாட்டன் அக்கா. ஒருநாளைக்குப் படியிலை விழுந்து கிடப்பியள்." பிறகு மகனிடம் திரும்பினார். "படியிலைதான் பெயில், தம்பி. தனிய இருக்கிறதிலை பாஸ். கீழ்வீடு ஒண்டு பாருங்கோ. இல்லம் வேண்டாம்."

கீழ்வீடு கிடைத்தது. நாலாம் மாடியில் எனக்கு வானம் தெரிந்தது, இங்கே ஜன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டி. நான் அவரோடு கதைக்கவில்லை. கடையில் கண்டால் மற்றப் பக்கம் போவேன்.

பிறகு அவருக்கே நெஞ்சில் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஆள் நல்லாய் மெலிந்திருந்தார்.

"அக்காவுக்கு இன்னும் கோவமோ?"

"ஓம்."

"நல்லது. இப்பிடிக் கோவிக்க நல்ல மூச்சு வேணும்."

சிரிக்க வெளிக்கிட்டு இருமத் தொடங்கினார். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அவரால் எனக்கு மிஞ்சியதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன், கை உளைகிறது. காலையில் எழும்பினதும் அடிவயிற்றில் கையை வைத்து மெல்ல மூச்சு விடுகிறேன். மகனுக்கு முன்னால் பெயில் என்று சொன்ன கோபமும் அப்படியே இருக்கிறது. ஆள் போய்விட்டார் என்பதற்காக அது போகாது. மற்றது இந்த வீட்டுச் சாவி. செத்தவீட்டுக்குப் போய் வந்து, என் கதவை நானே திறந்து, உள்ளே வந்து இருந்துதான் இதை எழுதினேன்.