சந்தேகத்துக்கு ஒரு டீ

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தங்கச்சி வசந்தியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று, ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் நூல் மில்லுக்குப் போனேன். அங்கே அவள் புரொடக்‌ஷன் மேனேஜர்.

வாசலிலேயே திக்கென்றது. உள்ளே சத்தமே இல்லை. பகலில் மில் சத்தமில்லாமல் கிடந்தால் நல்ல சேதியாகவா இருக்கும்?

விஷயம் இதுதான். பஞ்சு பிரிக்கும் இடத்தில் நிற்கிற மாரியக்காவுக்கு ஏதோ பொசுங்குகிற வாடை அடித்திருக்கிறது. சொன்னதுமே வசந்தி எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டாள். பஞ்சுக்கு ஒரு பொறி போதும். ஆட்கள் வெளியே ஓடக்கூட நேரம் இருக்காது. ஆனால் அந்த இடத்து மூடியையெல்லாம் கழற்றிப் பார்த்தும்... ஒன்றுமில்லை. லோடுக்கு வந்த லாரி காத்து நிற்கிறது. முதலாளி போனில் கத்துகிறார்.

அந்த மில்லில் ஒரு வழக்கம். காரணமில்லாமல் மெஷினை நிறுத்த வைத்தவர் ஷிப்டுக்கே டீ வாங்கித் தர வேண்டும். விளையாட்டுதான், ஆனால் அந்தக் கேலி லேசில் ஓயாது. டீ சொல்லியாச்சா என்று ஒருத்தர் ஆரம்பிக்க, மாரியக்கா முகம் சுண்டிப்போனது.

நானாக இருந்தால் எப்போதோ மெஷினை ஓட்டச் சொல்லியிருப்பேன். வசந்தியோ, நிறுத்தச் சொன்னது நான்தான் சார் என்று போனை வைத்துவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு டீ என் கணக்கு. இனிமே யாரு சந்தேகப்பட்டு நிறுத்தச் சொன்னாலும் அவியளுக்கு நான் டீ வாங்கித் தாரேன். எனக்கும் இன்னும் சந்தேகம் தீரல. வேற யாருக்காச்சும் வாடை வந்துச்சா?"

டீ வந்தது. பக்கத்துப் பகுதி ஃபிட்டர் செல்வம் பாதி குடித்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு நேத்தே வந்துச்சு மேடம். சொன்னா சிரிப்பாகளேன்னு வாய மூடிக்கிட்டேன்."

அவர் காட்டிய மெஷினைத் திறந்தார்கள். பெல்ட் உரசி உரசிக் கருகிக் கிடந்தது. சுற்றிலும் பஞ்சுத் தூசி அடைசல். மாரியக்கா அழுதேவிட்டார்.

தைரியமாக உத்தரவு போடுகிறவரைத்தான் நாம் தலைவர் என்கிறோம். 'எனக்கும் விளங்கலை, உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்க அதைவிடத் தைரியம் வேண்டாமா?

ரிசப்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரசம்கூடத் தீர்ந்திருந்தது. எனக்கோ நெஞ்சு நிறைந்திருந்தது.

தீப்பிடித்திருந்தால் எல்லாப் பேப்பரிலும் வந்திருக்கும். பிடிக்காத தீயைச் செய்தியாக யார் போடுவார்கள்?

நான் போடுகிறேன் — அவள் என் தங்கச்சி!