விலை இருந்தது, பெயர் இல்லை

காலை எட்டரை மணி, சிங்காநல்லூர் பேருந்து நிலையம். காங்கேயத்துக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய்ச் சொச்சம். என் மடியில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர்.

"ஏனுங்கம்மா, இந்தப் பொட்டிக்கு லக்கேஜ் போடோணுங்க," என்றார் நடத்துனர்.

"மடியிலதானுங்களே வெச்சிருக்கேன்!"

"மடியில இருந்தாலும் பொட்டி பொட்டிதானுங்க."

இருபது ரூபாய் அழுதேன். ஏற்கெனவே நான் எரிச்சலில்தான் இருந்தேன்.

காரணம் பையிலிருந்த இசைத்தட்டு. போன வாரம் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் அகப்பட்டது. கடைக்காரர் இரண்டு வரி ஓட்டிக் காட்டியதுமே தெரிந்துவிட்டது, எங்கள் ரங்கம்மாள் சித்தியின் குரல். பீளமேட்டு மில்லில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்துக் கலைக்குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போய்ப் பாடியவர். 'கைக்குழந்தையை விட்டுட்டு ஊர் சுத்தப் போனவ' என்று சொந்தபந்தம் தூற்றியது. அங்கே ரெக்கார்டு எடுத்தார்கள் என்று சித்தி சொன்னால் சிரித்தார்கள். அந்தக் கைக்குழந்தையும் வளர்ந்து, சேர்ந்து சிரித்தது.

சோவியத் நாட்டில் இசைத்தட்டு போட இருந்தது அரசாங்கக் கம்பெனி ஒன்றுதான். மலிவு விலையில் மூலைமுடுக்கெல்லாம் இசையைக் கொண்டுபோனார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குரல் வெளியே வரலாம், எது அலமாரியில் தூங்கலாம் என்பது அதிகாரிகள் கையில். ஒரு காலத்தில் விலக்கப்பட்ட பாட்டுகளை ஜனங்கள் பழைய எக்ஸ்ரே படத்தில் பதிவுசெய்து, திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பேருந்தில் உறையை எடுத்து, ரஷ்ய எழுத்துகளை மறுபடியும் செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'இந்திய நாட்டுப்புறப் பாடல்கள்', அவ்வளவுதான். தட்டின் நடுவில் விலைகூட அச்சாகியிருக்கிறது, பாடியவர் பெயர் இல்லை. உழைப்பாளியின் அரசு என்று மார்தட்டிய நாடு, உழைத்தவள் பெயரை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது!

பல்லடம் தாண்டி, பத்தே முக்காலுக்குக் காங்கேயம். சித்தி மகன் சென்னியப்பனின் தேங்காய்க் களத்தில் வெயிலுக்குக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது; ஓரமாக நிழலில் சித்தி உட்கார்ந்திருந்தார். அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா பேரே இல்லீங்களேக்கா. இது யாரோ என்னமோ."

சித்தி தலை குனிந்துகொண்டார். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

"கேட்டுப்போட்டுப் பேசு," என்று ஊசியை வைத்தேன்.

தாலாட்டு. பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரைச்சலுக்கு நடுவே அந்த இளம் குரல் பாடியது:

"தூங்கு சென்னியப்பா, தூரத்துல நானிருக்கேன்..."

அவன் அப்படியே கொப்பரைச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பாடறப்பப் பால் கட்டி மாரெல்லாம் வலி," என்றார் சித்தி. "எம்பட பேர அவங்க உட்டுப்போட்டாங்க. உம்பட பேர நான் உடலியே கண்ணு."

பாட்டு முடிந்ததும் அவன், "இன்னொருக்கா போடுங்கக்கா," என்றான்.

எனக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. அந்த அரசும் இல்லை, கம்பெனியும் கைமாறிவிட்டது. போய்ச் சண்டை பிடிக்கக்கூட ஆள் கிடையாது. சாயங்காலம் திரும்பி வந்த பேருந்தில் அதே நடத்துனர்.

"ஏனுங்கம்மா, பொட்டி எங்கீங்க?"

"பாட்டுக்கு உடையவங்ககிட்டக் குடுத்துப்போட்டேனுங்க."