செய்தி கிரிவலம் வந்த கதை

அந்த வீடியோ காலில் இருந்தவர்கள்: அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, தங்கை செல்வி, மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஜெர்மன்காரர் மார்க்குஸ். அந்தக் கூடத்தில் இல்லாதவன் நான் ஒருவன். நான் ஜெர்மனியில் இருந்தேன். ஆனால் தொற்றுநோய்க் காலத்து ஜெர்மனியில் என்ன நடக்கிறது என்று என் வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் மார்க்குஸ். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா போட்ட டீயை ஆற்றியபடி, "அங்க ஆஸ்பத்திரி எல்லாம் காலி" என்றார். என் ஜன்னலுக்குக் கீழே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். அப்பா கவனமாகக் கேட்டார். "சும்மா ஓட்டுவானுங்கடா, ஜனங்கள பயமுறுத்த" என்றார். மார்க்குஸ் ஆமோதித்துத் தலையாட்டினார்.

அப்பா ஆட்டோ ஓட்டுபவர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள்தான் அவருக்கு வாடிக்கை. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். எங்கள் வம்சத்திலேயே முதலில் எழுத்துக் கூட்டியவன் நான் என்பதால், ஆட்டோ ஸ்டாண்டில் நாளிதழை உரக்கப் படித்துக்காட்டும் உத்தியோகம் எனக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. எதைப் படித்தாலும் அப்பாவிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "இத எழுதனவனுக்கு யாரு காசு குடுத்தாங்கன்னு போட்டிருக்கானா?" போட்டிருக்க மாட்டான். அப்பா வெற்றிச் சிரிப்புடன் பீடி பற்றவைப்பார். மாற்று ஊடகம் என்ற சொல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அதன் வாசகர் வந்து காத்திருந்தார்.

ஊரடங்கு வந்தது. கிரிவலம் நின்றது, ஆட்டோ நின்றது, மார்க்குஸின் விமானமும் நின்றது. மாடியில் ஒருவர், கீழே ஒருவர், இருவருக்கும் வேலை இல்லை. டேட்டா மட்டும் தினமும் தவறாமல் வந்தது. மார்க்குஸ் தன் ஊர்க்காரர்கள் யாரோ சமையலறையில் உட்கார்ந்து பேசிய வீடியோக்களைப் போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சாரம் சொல்வார். "டிவில பொய் ஜாஸ்தி அப்பா, உண்மை கம்மி." பதிலுக்கு அப்பா அவருக்கு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

நான் படித்த படிப்பையெல்லாம் திரட்டி வாதாடினேன். அப்பா ஒரே வரியில் முடித்தார். "அவன் ஊரு டிவிய அவனே நம்பல. நாம எதுக்குடா நம்பணும்?"

"நான் இங்கயே இருக்கேன்பா. கண்ணால பாக்கறேன்."

"நீ அவனுங்க கம்பெனில சம்பளம் வாங்கற. நீ அப்படித்தான் சொல்லுவ. இவருக்கு யாரு தர்றாங்க?"

உண்மைதான், யாரும் தரவில்லை. அறை வாடகையைக்கூட அவர் தரவில்லை. இதைவிட சுதந்திரமான ஊடகம் எங்கே கிடைக்கும்?

இந்தப் பக்கம் எனக்கு இன்னொரு வாசகி இருந்தார். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஃப்ராவ் கெல்லர், நம் பாஷையில் கெல்லர் அம்மா. அவருக்கும் அவர் ஊர்ச் செய்தி மேல் நம்பிக்கை இல்லை. வெளியிலிருந்து, முடிந்தால் கிழக்கிலிருந்து, ஒரு குரல் வேண்டும். ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கி, உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் கோயில் ஊரில் என் அப்பா நோயே இல்லை என்கிறார் என்று சிரிப்புக்காகத்தான் ஆரம்பித்தேன். என் ஜெர்மனில் நகைச்சுவை எப்போதும் அரசு அறிவிப்பு மாதிரிதான் வெளியே வரும். அதை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் ஊர்க்காரர்தான் என்ற இரண்டாம் பாதிக்கு நான் வருவதற்குள், அவர் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அதே வாரம் அடுத்த வீடியோ கால். மார்க்குஸ் முகம் பிரகாசமாக இருந்தது. அவருடைய போனில் இருந்த ஜெர்மன் குழுவுக்குப் புதுச் செய்தி வந்திருக்கிறதாம். தென்னிந்தியாவில், புனித மலையடிவாரத்துக் கோயில் நகரத்தில், ஒரு ஞானமுள்ள முதியவர் நோயே இல்லை என்று சொல்லியிருக்கிறார். செய்தி அனுப்பிய அம்மாளின் மாடி வீட்டில் குடியிருக்கும் அந்த முதியவரின் மகனே நேரில் சொன்னதாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடா, நம்ம ஊர்லயே விஷயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு."

"அது நீதான்பா" என்றேன்.

"நான் எங்கடா பெரியவரு?" என்று வெட்கப்பட்டார். கடைசி வரை நம்பவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் கிரிவலம் பூர்த்தி. செய்தி பூர்த்தி செய்துவிட்டது. வழியில் புண்ணியமும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டார்கள். அம்மா ரேஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டு, நிஜமாகவே ஒரு பை அரிசியோடு திரும்பினாள். அப்பா போகவில்லை. இரண்டாம் அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு இழுத்தது. அக்கம்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டது. ஆம்புலன்ஸ் வருமாம், எப்போது என்று தெரியாதாம். செல்வி போனைப் பிடித்துக்கொண்டு அழ, நான் இங்கே நின்றபடி கத்தினேன்.

மாடியிலிருந்து மார்க்குஸ் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க், அதன் மேல் அம்மாவின் துண்டு. இல்லாத நோய்க்கு இவ்வளவு கவசம் எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். செல்வி ஏறிக்கொள்ள, அவரே ஓட்டினார். வழியில் தடுப்புக்கட்டை. போலீஸ்காரர் குனிந்து பார்த்து, பின்னால் இருப்பது யார் சார் என்றார்.

"எங்க அப்பா. நகருங்க" என்றார் மார்க்குஸ்.

கட்டை நகர்ந்தது. நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. செல்வியின் கையில் ஆடிக்கொண்டிருந்த போனுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை. தனியாரில் கிடைத்தது. அப்பா பிழைத்தார். பேச முடிந்ததும் சொன்ன முதல் கருத்து: "ஆக்சிஜன் உண்மைதான்டா. மத்தத விசாரிக்கணும்."

மார்க்குஸ் இப்போது இங்கே, என்னிடமிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறார். பௌர்ணமிதோறும் அப்பாவோடு பேசுகிறார். ஊரில் மழையா, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்தார். ஃப்ராவ் கெல்லர் கேக் கொண்டுவந்தார். மூவரும் அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றித்தான் பேசினோம். செலவு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று ஃப்ராவ் கெல்லர் கேட்டார். ஆட்டோவை விற்றது, அம்மாவின் சங்கிலி, என் சேமிப்பு, மார்க்குஸ் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் எல்லாம் சேர்ந்தது அது. அப்பா கேட்டபோது மனசு நோகக்கூடாதென்று யூரோக் கணக்கில், யூரோ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்: நாலாயிரம். அவ்வளவுதானா என்று நிம்மதியாகத் திரும்பிப் படுத்தார். ஃப்ராவ் கெல்லருக்கு மட்டும், மனசு கொஞ்சம் நோகட்டுமென்று, ரூபாயில் சொன்னேன். மூன்று லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்.