காசு கட்டாத வீட்டில் தீ

தீயணைப்பு வண்டி வந்தால் காசு கட்ட வேண்டும் என்று எங்கள் நகர் முழுக்கச் சொல்லி வைத்தவள் நான்தான். வேறு யார் தலையிலும் இதைக் கட்ட முடியாது.

எங்கள் நகர் தாம்பரத்துக்குத் தெற்கே, மாநகராட்சி எல்லை முடிந்த பிறகு வருகிறது. இன்னமும் ஊராட்சி. தண்ணீர் லாரியிலிருந்து தெருக்கோடி கேமரா வரை எல்லாவற்றையும் நலச்சங்கத்தில் காசு போட்டுத்தான் வாங்கிக்கொள்கிறோம். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் நான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். போன வருஷம் எங்கள் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாணவேடிக்கை வைத்தோம். பாதுகாப்புக்கு ஒரு தீயணைப்பு வண்டி வந்து சாயங்காலம் முழுக்க நின்றது. அதற்குக் கட்டணம் கட்டினோம், ரசீதும் தந்தார்கள். ரசீதைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூளை வேலை செய்தது. சும்மா வந்து நின்றதற்கே இவ்வளவு என்றால், நிஜமாகவே தீப்பிடித்தால் எவ்வளவு கேட்பார்கள்?

தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள். ஒருத்தர் பேங்க் மேனேஜர், மூன்று பேர் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. உட்கார்ந்து பேசி, வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் 'தீ நிதி' என்று முடிவு செய்தோம். கட்டிய வீடுகளின் பட்டியலைச் சங்கப் பலகையில் நானே ஒட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நகரின் கடைசியில், ஏரிக்கரை ஓரம், ஒரு தகர வீடு. எங்கள் தெருக்களுக்கெல்லாம் துணி தேய்த்துத் தருகிறவள் அங்கே இருந்தாள். புருஷன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்த வருஷமாவது நர்சிங் சேரக் காத்திருந்தாள். வசூலுக்கு அந்த வீட்டுக்கும் போனேன்.

"எங்களாண்ட ஏது டீச்சர் அவ்ளோ? பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும். இது இன்னாத்துக்கு?"

"தீப்பிடிச்சா வண்டி சும்மாவா வரும்? பத்தாயிரம், பதினஞ்சாயிரம்னு பில் போடுவாங்க. கட்டினவங்களுக்கு சங்கம் பாத்துக்கும். கட்டாதவங்க சொந்தக் காசுலதான் குடுக்கணும்."

பத்தாயிரம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாருமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தும் நான் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மே மாதம், பள்ளிக்கு விடுமுறை. காலை பதினொரு மணிக்கு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கம் கறுப்பாகப் புகை. குப்பையைக் கொளுத்துகிறார்கள், கேட்க நாதியில்லை என்று திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு துணியை உதறிப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது, குப்பைப் புகை இத்தனை உயரம் போகாது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

தகர வீட்டின் பின்பாதி எரிந்துகொண்டிருந்தது. பின் அறையில் ஒயர் பற்றிக்கொண்டதாம். அவளும் மகளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நேரமாக என்று கேட்டேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். போனை எடுத்தேன். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம் டீச்சர், கூப்டாதீங்க. நாங்க நிதி கட்டல. வண்டி வந்துச்சுன்னா அவ்ளோ துட்டுக்கு எங்க போவேன்? நாங்களே அணைச்சிக்கிறோம்."

அவள் வீடு எரிகிறது. வண்டியைக் கூப்பிடாதே என்று என்னைக் கும்பிடுகிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொன்னதை இவள் இத்தனை மாதமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள். "காசு நான் கட்டறேன், விடு" என்று கையை உதறிவிட்டுப் போன் செய்தேன். அப்போதும் பாருங்கள், காசு உண்டு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தே நிமிஷத்தில் வண்டி வந்துவிட்டது. மளமளவென்று அணைத்தார்கள். ஆனால் பின் அறையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டில், பீரோ, பீரோவுக்குள் மகளின் மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், எல்லாம் கரி. வேப்பமரத்தடியில் மட்டும் ஒரு போர்வையை விரித்து, துணி மூட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் ஊரார் துணி. பற்றிக்கொண்டதும் அம்மாவும் மகளும் முதலில் அதைத்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். என் காட்டன் புடவைகள் நான்கும் மடிப்புக் கலையாமல் இருந்தன. சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

தீயணைப்பு அதிகாரிக்கு நல்ல கோபம். "இன்னாம்மா, இவ்ளோ நேரம் எரியவிட்டு பாத்துகினு இருந்தீங்க? பத்தின உடனே கூப்ட்டிருந்தா அந்த ரூமு தப்பிச்சிருக்கும்."

"காசு கட்டணும்னாங்க சார்," என்றாள் அவள். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

"காசா? தீப்பிடிச்சா வர்றதுக்கு ஒரு பைசா கெடையாது. என்னிக்குமே கெடையாது."

நான் குறுக்கே புகுந்தேன். "கும்பாபிஷேகத்துக்கு வாங்கினீங்களே சார்?"

"அது உங்க பட்டாசுக்குக் காவல் நின்னது மேடம். அதுவும் இதுவும் ஒண்ணா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கரிந்த பீரோவின் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே பட்டியலைக் கிழித்துப் போட்டேன். நிதிப் பணத்தை அவள் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று சங்கத்தில் சொன்னபோது, "அதுக்கு ரூல்ஸ்ல இடமில்லையே" என்றார் பேங்க் மேனேஜர். இல்லாத பில்லுக்கு வசூல் செய்தபோது எந்த ரூல்ஸில் இடம் இருந்தது என்று நான் கத்திய கத்தலில் கூட்டம் கலைந்தே போனது. கடைசியில் கொடுத்தார்கள். கூரைக்குத் தகரம் வந்தது. காகிதங்களுக்கு என்ன செய்வது?

மார்க் ஷீட்டுக்கு மறுபிரதி கேட்க வேண்டுமென்றால், தீ விபத்து நடந்ததாகத் தீயணைப்பு நிலையத்தில் எழுதி வாங்கிவர வேண்டும் என்று மகள் படித்த பள்ளியில் சொன்னார்கள். கல்லூரியில் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அம்மாவையும் மகளையும் ஆட்டோவில் நானே அழைத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"இதுக்கு எவ்ளோ ஆவும் டீச்சர்?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு நூறோ இருநூறோ..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இருங்க டீச்சர்," என்றாள் அம்மா. குரலில் கோபம் துளிகூட இல்லை. "நான் சாராண்டயே கேட்டுக்கிறேன்."

எழுந்து அதிகாரியின் மேஜைப் பக்கம் போனாள்.