தண்ணீர் இல்லாமல் ஓடிய மூன்று நிமிடம்

எங்கள் வீட்டுக்கும் பஸ் போகும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய குளம் கிடக்கிறது. மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டும் எனக்கு அது ஒருநாளும் தொந்தரவாக இருந்ததில்லை. கரையைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் போய்விடுவேன். அந்த வருஷ மழையில் சுற்றுப்பாதை மதகோடு அடித்துக்கொண்டு போனது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி வேலையிலிருந்து நின்றபின் என்னோடுதான் இருந்தார். வாரம் இரண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பாதை உடைந்ததில் ஒரு தடவை தவறிவிட்டது. நான்கே நாளில் முகம் ஊதி, கண் இடுங்கி, யாரோ போலாகிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அடுத்த முறை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. “எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க” என்று போனில் சிங்களத்தில் சொன்ன நேர்ஸ், வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மீன் பிடிக்க நான் வைத்திருந்த சின்ன ஃபைபர் போட் ஒன்று இருந்தது. கடற்கரைப் பக்கம் பழக்கமான மீன்காரர் ஒருவர் தன் பழைய எஞ்சினை அக்கரைக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அதை வாங்க வியாழக்கிழமை துடுப்புப் போட்டு அக்கரை போய் வந்ததில் ஒரு பகல் முழுக்கப் போனது. அப்பாவை இப்படிக் கூட்டிப்போக முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எஞ்சினைக் கையில் கொடுக்கும்போதே அவர் சொன்னார்: “தம்பி, தண்ணிக்க இறக்காம ஸ்டார்ட் பண்ணிராதீங்க. எஞ்சினக் குளுமையாக்கத் தண்ணி இழுக்கிற பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் றப்பர். தண்ணி இல்லாட்டி கருகிரும்.” பழைய எஞ்சின் என்பதால் புது இம்பெல்லர் ஒன்றைக் கடதாசிப் பெட்டியோடு தந்து, மாற்றும் விதத்தையும் காட்டினார். நான் பெரிய மெக்கானிக் மாதிரித் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சந்தனம் குழைக்கச் சொன்னார். பூசை போடாமல் மெஷினைத் தொட்டால் அவருக்கு ஆகாது. ஃபேக்டரியில் அவர்கள் பழக்கம் அப்படி. சூடம் காட்டும்போது மெஷின் ஓட வேண்டும், சூடம் தானாக அணையும்வரை நிறுத்தக் கூடாது.

முற்றத்தில் பலகை அடித்து எஞ்சினை மாட்டினேன். நான்கு நாளாகச் சுவரில் சாய்ந்தே கிடந்த மனிதர் எழுந்து நின்று, எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார். அந்த நேரத்தில் போய், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம்தானே என்று கயிற்றை இழுத்தேன். தட்டில் சூடம் குறைந்தபோது அப்பா இன்னும் இரண்டு கட்டி போட்டார். மூன்று நிமிடமாவது ஓடியிருக்கும். மீன்காரர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். எஞ்சின் ஓடும்போது அதன் பக்கவாட்டு ஓட்டையால் தண்ணீர் பீச்ச வேண்டும். கரையை விட்டதுமே அதைப் பார்த்திருக்க வேண்டும். நான் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் குளம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. திரும்பினால், ஓட்டையில் ஒரு சொட்டு இல்லை. எஞ்சின் முக்கி முனகி நின்றுவிட்டது.

எதிர்க்காற்று. அடித்து அடித்துத் துடுப்புப் போட்டு அருகிலிருந்த பாறைத் திட்டில் போட்டை ஏற்றினேன். எஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றினால்தான் பம்பைத் திறக்கலாம். போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். அப்பா முன்னால் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் எதையும் கேட்காதவர் போல வாயால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். “ஒரு வாய் தண்ணி தாடா” என்றார். அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது. சுற்றிலும் குளம் கிடக்க, என்னைப் பெற்ற தகப்பனுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை என்றேன்.

கடைசிப் போல்ட் விட்டுக்கொடுக்க எட்டரை ஆனது. பம்பைத் திறந்தேன். இம்பெல்லரின் ஆறு இதழ்களில் நான்கைக் காணவில்லை. மிச்சம் கரிந்து சுருண்டிருந்தது. அதை இருசில் பிடித்து வைக்கும், சாவி என்கிற குட்டி இரும்புத் துண்டு கையோடு வந்தது. அது தண்ணீரில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். வீங்கிய விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டார். மற்றக் கையால் கரிந்த ரப்பரை எடுத்து முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் மெஷினோடு கிடந்தவரை ஏமாற்ற முடியுமா?

“இது தண்ணியில்லாம ஓடுனது.”

நான் புது இம்பெல்லரின் பெட்டியைப் பிரித்தேன்.

“நேத்து பூசைக்கு ஓடுனதுலயா?”

“ஆமா! நீங்க சூடம் மேல சூடம் போட்டீங்களே, அதுலதான்!”

சொல்லி முடிக்குமுன்பே நாக்கைக் கடித்தேன். அப்பா அந்த ரப்பரைப் புரட்டிப் பார்த்தார்.

“எஞ்சின் குடுத்த ஆளு ஒண்ணும் சொல்லலியாடா?”

“இல்லப்பா. ஒண்ணுமே சொல்லல.”

ஆஸ்பத்திரிப் பையிலிருந்த சோப்பைக் கரைத்துப் புது இம்பெல்லரில் தடவினேன். அப்பாவின் கையிலிருந்த சாவியை வாங்கி இருசில் வைத்தேன். இரண்டு முறை இதழ் எதிர்ப்பக்கம் மடங்கியது. மூன்றாம் முறை இருசைச் சுற்றிச் சுற்றி அழுத்த, உள்ளே உட்கார்ந்தது. எஞ்சினை மாட்டிக் கயிற்றை இழுத்தபோது பத்து மணியாகியிருந்தது. ஓட்டையால் தண்ணீர் பீச்சியடித்தது. எனக்கு அழுகை வந்தது. அப்பா பார்க்கவில்லை, தலை தொங்கியிருந்தது.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே வந்தார். பதுளையில் இறங்கும்போது ஒன்றரை மணி. அவருக்கென்றிருந்த இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் வேறொருவரைப் போட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்த அப்பாவைப் பார்த்ததும் நேர்ஸ் சிங்களத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை வரவே இல்லை, இன்றைக்கும் இவ்வளவு நேரம் கழித்து வருகிறாயே, நீயெல்லாம் ஒரு மகனா என்று கேட்டார். பேசிக்கொண்டே வேறு மெஷினைத் தயார் பண்ணினார்.

சக்கர நாற்காலியில் கிடந்த அப்பா கையைத் தூக்கினார். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிச் சொன்னார்:

“அவன ஏசாதீங்க மிஸ். எஞ்சின எரிச்சது நான்தான். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

நேர்ஸ் என் பக்கம் திரும்பி, அப்படியா என்பதுபோலப் பார்த்தார். நான் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.