கை தெரியாத புஸ்தகம்

மூர் மார்க்கெட்டு தீப்பிடிச்சு எரிஞ்சு ஆறு வருஷம் ஆவுது. பழைய புஸ்தகக் கடைங்கெல்லாம் அல்லிக்குளம் பக்கம் வந்துடுச்சு. ஆனா ஜனங்க வாயில இன்னும் அது மூர் மார்க்கெட்டுதான். அங்க ஒரு கடை முன்னால குந்திகினு, அம்சவல்லி வெளிநாட்டு புஸ்தகமா பொரட்டிகினு இருந்தா. அவளுக்கு இங்கிலீசு தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பா.

"இன்னாம்மா, படம் பாக்கறியா, வாங்கப் போறியா?"ன்னு கேட்டாரு கடைக்காரரு முனிரத்தினம்.

"வாங்கத்தான்ணே வந்தேன். குட்டி லாரி, குட்டி ரயிலெல்லாம் செய்வாங்களே, அந்த புஸ்தகம். எங்க வூட்டுக்காரருக்கு."

"அட, ஸ்ரீபெரும்புதூரு தாண்டவராயன் சம்சாரமா நீ? எங்கம்மா ஆளயே காணோம்? பொங்கலுக்கு வரேன்னாரு, இப்ப ஆடியே வந்துடுச்சு."

அம்சவல்லி தலைய குனிஞ்சிகினு அடுத்த புஸ்தகத்த எடுத்தா.

இன்னான்னு சொல்லுவா? தாண்டவராயன் ஒரகடம் ரோட்ல லாரிக்கு பாடி கட்ற ஷெட்டுல தகடு வெட்ற மிஷின்ல நின்னாரு. வெட்டி வுழுந்த துண்டுத் தகரத்த பையில போட்டு எடுத்தாந்து, லீவு நாள்ல குட்டி லாரி செய்வாரு. பொம்மை லாரின்னு சொல்லிட்டா கோவம் வந்துடும். நெஜ லாரியில ஒரு முழம் இருக்கறது இதுல ஒரு விரக்கட இருக்கணும். கதவு, ஏணி, பலகை எல்லாத்துக்கும் அதே கணக்கு. பக்கத்து வூட்டு கோவிந்தம்மா வந்து பாத்துட்டு, "எத்தினி மூட்டை ஏத்தலாம் தாண்டவராயா, ரேஷன் அரிசி கொண்டாரணும்"னு சிரிக்கும். அவரும் சிரிப்பாரு. அப்பப்ப சென்னைக்குப் போயி ஒரு புஸ்தகம் வாங்கியாருவாரு. அதப் படிக்கத் தெரியாது, ஆனா தூங்கப் போற வரைக்கும் கையில வெச்சிகினு இருப்பாரு.

பொங்கலுக்கு முன்னாடி அந்த மிஷினு அவரு வலது கையில ரெண்டு விரல எடுத்துகிச்சு. கட்டு அவுத்ததுலேர்ந்து கையி துண்டுக்குள்ளதான். யாரு வந்தாலும் செவுத்தப் பாத்து குந்திப்பாரு. கேட்டுல வாச்மேன் வேல தரேன்னாங்க, போவல. குட்டி லாரிங்க மேல தூசி ஏறிப் போச்சு. சோறு வெச்சா ரெண்டு வாயி, அப்புறம் தட்ட தள்ளிடுவாரு. கோவிந்தம்மாதான் ஒரு நாளு கொழாயடியில வெச்சு, "அம்சா, ஆளு கொஞ்சம் கொஞ்சமா போயிகினு கீறாரு. அவரு பழையபடி எதையாச்சும் கையில எடுக்கணும்டி, இல்லன்னா ஒனக்கு ஆளே மிஞ்சாது"ன்னு சொல்லிச்சு. அந்த வார்த்த நெஞ்சுல மாட்டிகினு வெளிய வராமதான் அம்சவல்லி பஸ் ஏறி வந்திருந்தா.

முனிரத்தினம் பளபளன்னு ஒண்ண எடுத்து நீட்டுனாரு. முழுக்க செஞ்சு முடிச்ச லாரிங்க. அம்சவல்லிக்கு அது புடிக்கல. இன்னொண்ணுல வெறும் கோடுங்க. ஒரு மண்ணும் புரியல. மூணாவதுல பாத்தா, பக்கத்துக்குப் பக்கம் மனுசன் கையி. கத்தி புடிக்கற கையி, பசை தடவற கையி, வளைக்கற கையி. மத்த விரல வெச்சு எப்டி புடிக்கறதுன்னு பாத்துக் கத்துப்பாருன்னு அவளுக்கு மனசு குளுந்துச்சு. இதான் நல்ல புஸ்தகம்னு வாங்கிட்டா.

வூட்டுக்கு வந்து அவரு மடியில வெச்சா. தாண்டவராயன் இடது கையால ரெண்டு பக்கம் திருப்புனாரு, நிறுத்துனாரு, இன்னும் ரெண்டு திருப்புனாரு.

"யாரு இத எடுக்கச் சொன்னது?"

"நாந்தான். கையெல்லாம் நல்லா தெரியுதேன்னு..."

"தெரியுது. எண்ணிப் பாரு. ஒருத்தனுக்காவது ஒரு விரலு கொறையுதா பாரு."

புஸ்தகம் செவுத்துல மோதி வுழுந்துச்சு. அம்சவல்லி இது எனக்கு எப்டி தோணாம போச்சுன்னு தன்னையே திட்டிகினா. புஸ்தகத்த எடுத்து முந்தானையில தொடச்சா.

"நாளைக்கு மாத்திகினு வரேன். திருப்பிக் குடுத்தா பாதி வெலைக்கு எடுத்துப்பாங்களாமே. எது வேணும்னு சொல்லு."

"சொன்னா ஒனக்குப் புரியாதுமே."

"புரியாதுதான்! நான் இன்னா கம்பெனியிலயா இருந்தேன்? வேணும்னா நீ வா!"

கோவத்துல வந்த வார்த்த. சொன்னதுக்கப்புறம் பயந்துட்டா. காலையில பாத்தா, அவரு சட்ட போட்டுகினு, கையில துண்ட சுத்திகினு, வாசல்ல நிக்கறாரு.

மே மாசம் ஊர்ல குண்டு வெடிச்சதுலேர்ந்து போலீசு பஸ்ஸ நிறுத்தி ஏறிப் பாக்கறது வழக்கமாப் போச்சு. அன்னிக்கும் ஊரு தாண்டறதுக்குள்ள நிறுத்திட்டாங்க. ஏறின போலீஸ்காரரு பைய தொறக்கச் சொல்லிகினே வந்தவரு, இவங்க சீட்டாண்ட நின்னுட்டாரு.

"துண்டுக்குள்ள இன்னாய்யா?"

தாண்டவராயன் சன்னலப் பாத்துகினு இருந்தாரு.

"ஒன்னத்தான்யா! கைய வெளிய எடு!"

பின்னாடி இருந்த ஒருத்தரு எழுந்து தள்ளிப் போனாரு. கீழ நின்ன இன்னொரு போலீசும் ஏறிட்டாரு. அம்சவல்லி குறுக்க பூந்தா. "சார், அது வெறும் கையி சார், மிஷின்ல மாட்டி..."

"நீ இரும்மா. அவர காட்டச் சொல்லு."

தாண்டவராயன் துண்ட அவுத்தாரு. ஒரு சுத்து, இன்னொரு சுத்து. இத்தினி மாசமா பொண்டாட்டிக்கே சரியாக் காட்டாத கைய பஸ்ஸு முழுக்கப் பாத்துச்சு. போலீஸ்காரரு கண்ண வேற பக்கம் திருப்பிகினாரு. "செரி செரி, குந்து. மூடிக்கோ"ன்னு எறங்கிப் போயிட்டாரு. யாரோ ஒரு பொம்பள உச்சு கொட்டுச்சு.

அவரு மூடிக்கல. துண்டு மடியிலயே கெடந்துச்சு. பூந்தமல்லி தாண்டியும் அப்டித்தான். அவமானத்துல வெறுத்துட்டாரா, இனிமே யாருக்கு மறைக்கறதுன்னு வுட்டுட்டாரா, அம்சவல்லிக்குத் தெரியல. கேக்கவும் தைரியம் இல்ல. வேணாத வேல பண்ணிட்டேனேன்னு சென்ட்ரல் வர வரைக்கும் உள்ளுக்குள்ளயே மருகிகினு வந்தா.

முனிரத்தினம் கையப் பாத்தாரு, சட்டுனு மொகத்தப் பாத்தாரு. "வாய்யா! ஒனக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்"னு அந்தப் பளபளப்பத் தூக்கிப் போட்டாரு.

தாண்டவராயன் மிச்ச விரலால பொரட்டுனாரு. "இது கண்ணாலத்து ஆல்பம். மாப்ள பொண்ணு மாதிரி லாரிய நிக்க வெச்சு எடுத்துருக்கான். எப்டி கட்னான்னு எங்கியும் இல்ல. வாணாம்." அடுத்ததுல நடுப்பக்கத்த விரிச்சாரு. "பின்னு மட்டும் நிக்குது, வரைபடத்த எவனோ உருவிட்டான்."

"நான் உருவலப்பா, கடைக்கு வரும்போதே அப்டித்தான் வந்துச்சு!"

"யாரு உருவுனா இன்னா? உருவுனத எந்தலையில கட்டாத."

அம்சவல்லி நேத்து தள்ளி வெச்ச புஸ்தகம் அடியில கெடந்துச்சு. அட்ட கிழிஞ்சது, உள்ள கோடு கோடா இருக்குமே, அது. அவரு அத விரிச்சு, ஒரு ஈர்க்குச்சி வாங்கி, பக்கவாட்டுப் படத்துல முன் சக்கரத்துலேர்ந்து பின் சக்கரம் வரைக்கும் வெச்சு ஒடிச்சாரு. அதே குச்சிய மேலேர்ந்து பாக்கற படத்து மேல வெச்சாரு. ஒரு நூலு கூட நகரல.

"ரெண்டு படமும் ஒத்துப் போவுது பாரு. வரஞ்சவன் ஏமாத்தல. இத நம்பலாம்."

"இதுல ஒரு கை கூட இல்லியே"ன்னு சொல்லிட்டு அம்சவல்லி நாக்கக் கடிச்சிகினா.

"கோடு போதும்"னாரு.

ஞாயித்துக்கெழம, மாத்திகினு வந்த புஸ்தகத்துப் படத்த தரையில விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வெச்சாரு. தகரம் வெட்ற கத்திரிய வலது கையில புடிச்சாரு, நழுவுச்சு. இடது கைக்கு மாத்துனாரு, தகரம் சுத்திகினு ஓடுச்சு. கெட்ட வார்த்த ஒண்ணு வந்துச்சு. அம்சவல்லி அடுப்பாண்டயே நின்னா. போலாமா வாணாமான்னு காலு தவிச்சுது.

"அம்சா! இங்க வா. இத அமுக்கிப் புடி."

வந்து குந்தி புடிச்சா.

"விரல உள்ள வுடாத. பின்னால புடி. இன்னும் பின்னால."

அவ விரல பின்னால இழுத்துகினா. கத்திரி கறகறன்னு போயி, பாதியில கோட்ட வுட்டு விலகிடுச்சு. ரெண்டு பேரும் அந்தக் கோணலப் பாத்துகினு இருந்தாங்க.

"போவட்டும்"னாரு தாண்டவராயன். "வேற துண்டு எடு."