கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

என் அத்தை பஸ் கண்டக்டர். அப்பாவுக்கு நேர் இளையவள். டிரைவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஹாரன்'. "ஹாரன் அக்கா டியூட்டில இருந்தா வண்டிக்குத் தனியா ஹாரன் எதுக்கு?" என்பார்கள். அத்தை கோபப்பட மாட்டாள். அந்தப் பெயரை வேலையில் கிடைத்த பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

அவளுடைய பஸ் மேட்டுக் குடியிருப்பில் கிளம்பி, சந்தை, ஆஸ்பத்திரி, பழைய நகரத்துச் சந்துகள் என்று இறங்கிக்கொண்டே வந்து துறைமுகச் சதுக்கத்தில் முடியும். சதுக்கம் என்றுதான் பெயர். பஸ் உள்ளே போகாது. ஒரு கல் வளைவுக்கு வெளியிலேயே வட்டமடித்துத் திரும்பிவிடும். வெளியூர்க்காரர்கள் கேமராவும் தொப்பியுமாக இறங்கி வளைவுக்குள் போவார்கள். அத்தை தண்ணீர் குடித்து, டிக்கெட் மிஷினில் பேப்பர் மாற்றி நிமிர்வதற்குள் டிரைவர் வண்டியைத் திருப்பியிருப்பார். லீவு நாளில் துணி துவைக்கவும் தூங்கவுமே நேரம் சரியாக இருக்கும். இப்படியே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

பிறகு ஒரு மழைக்காலக் காலையில், டிப்போவில் பின்பக்கமாக வந்த பஸ் ஒன்று அவளைச் சுவரோடு சேர்த்து நெருக்கியது. உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் அடைத்துப் போனது. மாமா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி கட்டடங்களை மேலும் கீழும் ஓட்டுகிறவர். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அலைந்து திரிந்து தரைத்தளத்தில் வீடு மாற்றினார். வாசலுக்குத் தகரத்தில் சாய்தளம் அடித்தார். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி பொருத்தினார். அத்தை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் யாருக்கோ வேலை நடப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயற்கைக் காலுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை தருகிறோம் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது.

"வாசப்படில நின்னவளை மூலையில உக்கார வைக்கப் பாக்குறாங்க," என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவளோடு டிவி பார்ப்பேன். ஒரு தடவை ஏதோ நிகழ்ச்சியில் துறைமுகச் சதுக்கத்தைக் காட்டினார்கள். மஞ்சள் சுவர்க் கிடங்குகள், பச்சைக் கதவுகள், அதற்கப்பால் தண்ணீர். அத்தை ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"இதுவா அது? ஊரையே கொண்டு போய் இங்க இறக்கிவிட்டிருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது பாரு."

அடுப்படியில் நின்ற மாமா எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு கம்பெனி வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "கிளம்பு. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

எங்கே என்று அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ரொம்ப நேரம் சீவினாள்.

வேனை வெளியே விட்டுவிட்டு, அத்தையின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துறைமுகச் சதுக்கத்தின் வளைவுக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முகத்தில் அடித்தது உப்புக் காற்று. மூன்று பக்கமும் கிடங்குகள். மேல்மாடி ஜன்னல்களுக்கு மேலே மூட்டை இழுத்த மரக் கப்பிகள் இன்னும் துருத்திக்கொண்டிருந்தன. கீழ்த்தளமெல்லாம் இப்போது காபிக் கடை, படக்கடை. நான்காவது பக்கம் வெறும் தண்ணீர், அதில் படகுகள். அத்தையின் கழுத்து நீண்டது.

பத்தடி போவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. தரையெங்கும் பன் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தது போல உருண்டைக் கற்கள். நடக்கிறவர்களுக்கு அழகு. சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களோ ஒவ்வொரு இடுக்கிலும் குப்புற விழுந்தன. நான் தள்ளியதில் நாற்காலி சாய்ந்து, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். சுற்றிலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் தூக்கிவிட ஓடிவந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க, திரும்பிடலாம்."

மாமா எதற்கும் 'சரி' என்கிற மனிதர். அன்றைக்குச் சொல்லவில்லை. "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ. அப்புறம் பாக்கலாம்," என்று அவள் பக்கத்தில் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மூன்று பேரும் போக்குவரத்துக்கு நடுவில் பிரேக் டவுன் ஆன வண்டி மாதிரி இருந்தோம்.

உட்கார்ந்திருந்ததில் ஒரு நன்மை. அத்தையின் கண் தரையோடு போய்க்கொண்டிருந்தது.

"அங்க பாருங்க. அந்தக் காபிக் கடை மேசைக்கு அடியில."

குனிந்து பார்த்தோம். உருண்டைக் கற்களுக்கு நடுவே சப்பையான நீளக் கற்கள் பதித்த ஒரு பட்டை. அந்தக் காலத்தில் பீப்பாய் வண்டிகள் படகுக்குப் போன தடமாக இருக்க வேண்டும். கிடங்கு வாசல்களை ஒட்டியே ஓடி நேராகத் தண்ணீரில் போய் முடிந்தது. அதன் மேல்தான் காபிக் கடையின் மேசைகளும் நாற்காலிகளும் நிறைந்து கிடந்தன.

மாமா கடைக்கார அம்மாவிடம் போய்ப் பேசினார். அந்த அம்மா இரண்டு கையிலும் தட்டு வைத்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை அதுவுமா எல்லாரையும் எழுப்பச் சொல்றீங்களா? முடியாதுங்க."

மாமா திரும்பி வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் குரல் கிளம்பியது.

"சிவப்புச் சட்டை சார்! காலை உள்ள இழுத்துக்கங்க! அக்கா, பையை மடியில வைங்க, வழியில வைக்காதீங்க! தொப்பிக்காரரே, உங்களைத்தான், உள்ள இடம் இருக்கு, நகருங்க! வண்டி கிளம்புது!"

காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. யாரோ ஒருவர் சிரித்தார். பின்னால் ஒரு பெண், "ஐயோ, நம்ம ஹாரன் கண்டக்டர்!" என்று எழுந்தாள். அவள் எழுந்ததும் பக்கத்து மேசையும் எழுந்தது. நாற்காலிகள் கிரீச் கிரீச்சென்று நகர்ந்தன. மாமா பின்சக்கரத்தைத் தூக்கி அந்தப் பட்டையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் தள்ளவில்லை. அத்தையே கையால் உருட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருந்த ஒரு தாய் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் கைத்தடிக்காரர் ஒருவர்.

படித்துறையின் விளிம்பில் அத்தை நிறுத்தினாள். தண்ணீரைப் பார்த்து அழுதாள். துடைத்துக்கொண்டு, "காபி வாங்கிட்டு வா. அந்த அம்மா கடையிலயே வாங்கு," என்றாள்.

அடுத்த ஞாயிறும் போனோம். மேசைகள் பழைய இடத்திலேயே இருந்தன. அத்தை மறுபடி கூவினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். கடைக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாராவாரம் வந்து என் வியாபாரத்துல மண்ணள்ளிப் போடுறியேம்மா!" என்றாள்.

"நீங்க வழியில மேசை போடுறீங்க, நான் கூவுறேன். நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திடுறேன்."

சண்டையில் ஆரம்பித்துக் குடும்பக் கதை பேசுகிற அளவுக்கு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒரு வாரம் நாங்கள் போனபோது மேசைகள் உருண்டைக் கல் பக்கம் தள்ளியிருந்தன. அந்த அம்மா அத்தைக்காகச் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. "கேஸ் சிலிண்டர் வண்டி இதுல சுளுவா வருது. அதான்," என்றாள்.

"அதான்னா அதான்," என்றாள் அத்தை.

அந்த மாதமே அவள் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போனாள். இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்து பழகுகிறாள். பயிற்சி கொடுக்கும் பெண்ணை, ஸ்டாப்பிங் தாண்டி மணி அடிக்கிற பயணியைத் திட்டுவது போலத் திட்டுகிறாள். விசாரணை ஜன்னல் வேலைக்கும் ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை போட்டாள்: ஜன்னலில் கண்ணாடி இருக்கக் கூடாது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினா பல்லி பேசுற மாதிரி இருக்கும்." எடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு படித்துறையில், எதிர்க்கரைக்குப் போகும் படகைக் காட்டி, "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்கும் மாமாவுக்கும் தெரியாது. படகுக்காரர், தண்ணீர் ஏறும் நேரத்தில் கரைக்கும் படகுக்கும் நடுவே போடும் பலகை சமமாக இருக்கும், நாற்காலியோடு வரலாம் என்றார். தண்ணீர் ஏறும்வரை காத்திருந்தோம்.

படகு நகர்ந்ததும் ஒரு விஷயம் வெளியே வந்தது. எத்தனையோ மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற மாமாவுக்குத் தண்ணீர் என்றால் உதறல். முகம் வெளுத்து, அத்தையின் நாற்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, நான் விழாம பிடிச்சிருக்கீங்களா, நீங்க விழாம பிடிச்சிருக்கீங்களா?"

"பேசாம வா," என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டு.

அத்தை அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் சத்தமாகச் சிரித்தாள். எதிர்க்கரை கிட்டே வந்துகொண்டிருந்தது.